பெருவிரலும் சுரபுன்னையும்: சிதம்பரத்தைப் பற்றி ‘விஞ்ஞானிகள் சொன்ன’ இரண்டு செய்திகள்

சிதம்பரத்தைப் பற்றிய ஒரு வாட்ஸப் செய்தி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒரு குடும்பக் குரூப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். வடிவம் ஆளுக்கு ஆள் மாறினாலும் சாரம் இதுதான்: மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து, நடராஜரின் கால் பெருவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த மையப்புள்ளி என்று கண்டுபிடித்தார்கள். சிதம்பரம், காஞ்சிபுரம், காளஹஸ்தி மூன்று கோவில்களும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. பொற்கூரையில் உள்ள 21,600 ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சைக் குறிக்கின்றன, 72,000 ஆணிகள் உடம்பிலுள்ள நாடிகளைக் குறிக்கின்றன. கடைசியாக, இதை எல்லாருக்கும் அனுப்பி நம் முன்னோர் பெருமையைப் பரப்புங்கள்.

இதை ‘சுத்தப் புளுகு’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ‘நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க’ என்று உருகுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே இதை ஒரு பிரதியாக உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரு கதையையோ கட்டுரையையோ விமர்சனம் செய்வதுபோல இதையும் வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால், நாம் எதை வைத்து ஒரு தகவலை நம்புகிறோம் என்பது நன்றாகவே தெரிகிறது.

நான்கு வரி, நான்கு விதம்

முதலில் தீர்க்கரேகை. இது உண்மைதான். மூன்று கோவில்களும் 79 டிகிரி 41 நிமிடத்துக்கும் 42 நிமிடத்துக்கும் இடையில் இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்காக சுமார் 260 கி.மீ. நீளம், கிழக்கு மேற்கில் ஒரு கி.மீ.கூட விலகல் இல்லை. செல்போனில் மேப்பைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. மீதி இரண்டு என்ன ஆச்சு? திருவண்ணாமலை 79 டிகிரி 4 நிமிடத்தில் இருக்கிறது, அதாவது இந்தக் கோட்டுக்கு மேற்கே 65 கி.மீ.க்கும் மேல். திருவானைக்காவல் 79-ஐயே தொடவில்லை, 78 டிகிரி 42 நிமிடம். கோட்டில் விழுந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விழாத இரண்டைப் பற்றிச் செய்தி வாயே திறக்கவில்லை. வேறொரு வடிவத்தில் ‘79 டிகிரி’ என்று பட்டையை அகலமாக்கி, கேதார்நாத்தையும் ராமேஸ்வரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நம்ம ஊர்ப் பக்கத்தில் ஒரு டிகிரி என்பது நூறு கி.மீ.க்கும் மேல். அவ்வளவு அகலத்தில் வலை வீசினால் தமிழ்நாட்டில் எத்தனை கோவில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, காந்த மையம். முதலில் சொல்லே இடிக்கிறது. காந்த நடுக்கோடு என்பது உலகத்தைச் சுற்றி ஓடும் கோடு. வளையலுக்கு நடுப்புள்ளி எங்கே இருக்கும்? வளையலின் மேல் இருக்காது. அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நம் பகுதியில் அது போவது தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கமாக. 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம், அந்த ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். சிதம்பரம் அங்கிருந்து வடக்கே முந்நூறு கி.மீ. தள்ளி இருக்கிறது.

இதில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. சிதம்பரத்தில் காந்தப்புலத்தை நிஜமாகவே அளந்திருக்கிறார்கள்! 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வகங்கள் தொடங்கப்பட்டன. கோவிலிலிருந்து இரண்டு மூன்று கி.மீ. தூரத்தில், பல்கலைக்கழகம் இருக்கும் அதே அண்ணாமலைநகரில், பல பத்தாண்டுகள் கருவி ஓடியது. காந்த நடுக்கோட்டில் தடையில்லாமல் தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது, படுக்கையாக நிற்கும். அண்ணாமலைநகரில் வடமுனை சில டிகிரி கீழே சாய்ந்தே நின்றது. திருவனந்தபுரம் நடுக்கோட்டுக்கு அருகில், அண்ணாமலைநகர் அதைவிட்டு விலகி. இரண்டு ஊரின் அளவுகளையும் ஒப்பிட்டுத்தான் நடுக்கோட்டுக்கு மேலே பகலில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்ந்தார்கள். சிதம்பரம் நடுக்கோட்டில் *இல்லை* என்பதுதான் அந்த ஆய்வில் அந்த ஊருக்கு இருந்த மதிப்பே. ‘எட்டு ஆண்டு ஆராய்ச்சி செய்த மேல்நாட்டு விஞ்ஞானி’க்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, கட்டுரை இல்லை. பக்கத்துத் தெருவில் பல வருஷம் அளந்த கருவியைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் பண்ணவில்லை.

மூன்றாவது, 21,600. நிமிஷத்துக்கு 15 மூச்சு, 60 நிமிஷம், 24 மணி நேரம்: பெருக்கினால் 21,600 சரியாக வருகிறது. கூரை ஓட்டின் எண்ணிக்கை கோவில் மரபில் சொல்லப்படுவது. இதை யாரும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. கட்டியவர்களும் வழிபட்டவர்களும் வேண்டும் என்றே வைத்த குறியீடு. இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு செய்தியில் சொல்வதைவிட அழகானது. பழைய இந்திய வானியலில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு விநாழிகைக்கு 6 பிராணம். மொத்தம் 21,600 பிராணம். ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை. அதுவும் 21,600. ஆக, வான்கோளம் ஒரு கலை நகர ஆகும் நேரம் ஒரு மூச்சு. ஆரியபடர் இந்தத் தொடர்பைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். காலத்தையும் கோணத்தையும் மூச்சையும் ஒரே எண்ணில் பொருந்தும்படி யாரோ உட்கார்ந்து அலகு அமைத்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய இடம் இதுதான். செய்தி இதைத் தொடவே இல்லை, ஏன்னா இதைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிஷம் யோசிக்கணும்.

நான்காவது, சில வடிவங்களில் செர்ன் வரும். ஜெனீவாவுக்கு அருகில் உள்ள அந்த அணுத்துகள் ஆய்வு மையத்தில் 2 மீட்டர் உயர நடராஜர் சிலை இருப்பது உண்மை. 2004 ஜூனில் திறந்தார்கள். அது இந்திய அரசு, அந்த நிறுவனத்தோடு உள்ள நீண்டகால உறவைக் கொண்டாடக் கொடுத்த பரிசு. பரிசு கொடுத்தது நாம். நாம் கொடுத்ததை அவர்கள் வைத்திருப்பதையே, அவர்கள் நமக்குக் கொடுத்த சான்றிதழாக மாற்றிவிடுகிறது செய்தி.

ஆக நான்கு வரியில் ஒன்று உண்மை ஆனால் பாதி, ஒன்று பொய், ஒன்று மரபு, ஒன்று திரிப்பு. நான்கும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன. மேப்பில் சரிபார்க்க முடிகிற வரி, சரிபார்க்க முடியாத வரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறது. ‘தீர்க்கரேகை சரியா இருக்கே, அப்ப காந்தமும் சரியாத்தான் இருக்கும்’. நாம் ஏமாறும் இடம் இதுதான்.

மக்கள் முட்டாள்கள் இல்லை

இதைச் சொன்னதும் ‘ஜனங்களுக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை’ என்று ஒரு தீர்ப்பு வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மழை, புயல் பற்றிய செய்தி பொழுதுபோக்கு இல்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே, 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்தவர்கள். அவர்கள் யாரை நம்பினார்கள்? பல வருஷம் சென்னை வானிலை மையத்தின் ரமணனை. கிண்டலும் பண்ணினார்கள், தினமும் டிவியில் கேட்கவும் செய்தார்கள். பிறகு பிரதீப் ஜான் வந்தார். வானிலைத் துறை அதிகாரி இல்லை, ஆர்வத்தால் இதில் இறங்கியவர். அவர் எழுதுவதை லட்சக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். பட்டமோ பதவியோ பார்த்து வந்த நம்பிக்கை இல்லை இது. ‘நாளைக்கு மழை’ என்று சொன்னார், நாளைக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். பல நூறு நாட்கள் இப்படிப் பார்த்த பிறகு வந்த நம்பிக்கை.

அதே 2015 டிசம்பரில், நாசா எச்சரித்ததாகவும் சென்னையில் 250 செ.மீ. மழை கொட்டப்போவதாகவும் ஒரு செய்தி பரவியது. வானிலைத் துறை மறுக்க வேண்டி வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்து ரமணனை எடைபோட்ட அதே ஜனங்கள்தான் இதையும் அனுப்பினார்கள். என்ன வித்தியாசம்? விளைவு நம் கைக்குத் திரும்பி வருகிற இடத்தில் நாம் நன்றாகவே எடைபோடுகிறோம். திரும்பி வராத இடத்தில் அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறோம்: நாசா என்ற பெயர், துல்லியமான எண், அனுப்பியவர் நம்ம சித்தப்பா. பெருவிரலுக்கு அடியில் யாரும் காந்தமானியோடு போகப் போவதில்லை. அதனால் அந்தச் செய்தி என்றைக்கும் தோற்காது.

அனுப்பியவர் யார் என்பதும் சீக்கிரம் மறந்துபோகும். 1951-ல் ஹோவ்லண்ட், வைஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்ட முடியுமா என்பது போன்ற கேள்விகளில், ஒரே கட்டுரையைச் சிலருக்கு ஓப்பன்ஹைமர் எழுதியது என்றும், சிலருக்கு சோவியத் பத்திரிகை பிராவ்தாவில் வந்தது என்றும் கொடுத்தார்கள். படித்த உடனே, ஓப்பன்ஹைமர் பெயர் இருந்த கட்டுரைக்குத்தான் மதிப்பு. நான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. ஆதாரம் உதிர்ந்துவிட்டது, தகவல் மட்டும் தங்கிவிட்டது. வாட்ஸப்பில் இதற்கு நான்கு வாரம் தேவையில்லை. ஆதாரம் உதிர்ந்த நிலையில்தான் செய்தி பிறக்கவே செய்கிறது.

‘பெருவிரல் செய்தியால் யாருக்கு என்ன நஷ்டம்? பக்திதானே?’ என்று கேட்பார்கள். அந்தச் செய்தி யாரையும் அடிக்காது, சரி. ஆனால் யார் சொன்னது என்று கேட்காமல் அனுப்பும் கை ஒன்றுதான். 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாகத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் செய்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். இந்தியாவின் பல பகுதிகளில் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி வைத்தது.

காடு காப்பாற்றியதா?

இப்போது இரண்டாவது செய்தி. இது போலி இல்லை, நிஜமான விஞ்ஞானிகள் சொன்னது. பிச்சாவரம் போய்ப் படகில் ஏறியவர்கள் கேட்டிருப்பீர்கள்: ‘சுனாமி வந்தப்போ இந்தச் சுரபுன்னைக் காடுதான் ஊர்களைக் காப்பாத்துச்சு’.

சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் அறுநூறு பேருக்கும் மேல். அடுத்த ஆண்டே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையின் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து, காட்டுக்குப் பின்னால் இருந்த இடங்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைவு என்று எழுதினார்கள். அதே 2005-ல் ‘சயன்ஸ்’ இதழில் வேறொரு குழு இதே மாவட்டத்தைப் பார்த்து, அலையாத்தி மரங்களும் சவுக்குத் தோப்புகளும் சேதத்தைக் குறைத்தன என்றது. அலையாத்தி என்றால் அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். பெயரிலேயே முடிவு இருக்கிறது. எல்லாருக்கும் பிடித்த முடிவும்கூட.

2006-ல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர், கதிரேசன் கட்டுரையில் இருந்த அதே 18 குப்பங்களின் எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர் எங்கே இருக்கும்? அலையாத்தி திறந்த கடற்கரையில் வளராது. முகத்துவாரத்துக்கு உள்ளே, உப்பனாற்று ஓரத்தில்தான் வளரும். அப்படியானால் அதற்குப் பின்னால் இருக்கிற ஊர் ஏற்கெனவே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? காப்பாற்றியது காடா, தூரமா? தூரமும் தரைமட்ட உயரமும் ஒன்றாக இருக்கிற குப்பங்களை ஒப்பிட்டால், காட்டின் பரப்பால் உயிரிழப்பில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். அதே ஆண்டில் வேறு இருவர் அதே தரவை இன்னொரு முறையில் அலசி, இல்லை, காட்டுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள். முதல் கட்டுரை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு மூன்றும் வந்தது ஒரே ஆய்விதழில்.

கிள்ளை அருகே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டை நினைத்துப் பாருங்கள். சுனாமியில் அழிந்து, மக்கள் உள்பக்கம் குடிபெயர்ந்த ஊர். அதன் முன்னால் காடு இல்லை. அது கடலை ஒட்டியும் இருந்தது, தாழ்வாகவும் இருந்தது. ஒரு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தரப்பும் ஜெயித்துவிட முடியாது என்பதற்கு இதுவே உதாரணம்.

இது வெறும் கணக்கு வாத்தியார்களின் சண்டை இல்லை. காடுதான் காப்பாற்றும் என்றால் மரம் நடுவதற்குப் பணம் போகும், குப்பம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். தூரமும் உயரமும்தான் காப்பாற்றும் என்றால் ஜனங்கள் கடலைவிட்டு நகர வேண்டும். மீனவனுக்கு அது தொழிலைவிட்டு நகர்வது மாதிரி. எச்சரிக்கை வந்ததும் ஓடுவதற்கு வழியும் மேடும் வேண்டும் என்ற முடிவுக்கும் அங்கிருந்து வரலாம். சுரபுன்னை இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில், கரை அரிப்பைத் தடுப்பது என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. அதைக் காக்க இவை போதும். ‘சுனாமியை நிறுத்தும்’ என்று சொல்லிக் காட்டைக் காப்பாற்றினால், காட்டை நம்பிக் கரையில் வீடு கட்டியவனுக்கு நாளைக்கு யார் பதில் சொல்வது?

இவ்வளவு முக்கியமான விவாதத்தில் படகுத்துறை வரைக்கும், பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது முதல் கட்டுரையின் முடிவு மட்டும்தான். மற்ற இரண்டும் ஆய்விதழிலேயே தங்கிவிட்டன. இங்கே பொய் சொன்னவர் யாருமே இல்லை. ‘இருக்கலாம்’ என்று கிளம்பியது, வழியில் ‘இருக்கிறது’ ஆகிவிட்டது.

எங்கே பார்ப்பது

இரண்டு செய்தியும் காதில் விழும்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன: ‘விஞ்ஞானிகள் சொல்லியிருக்காங்க’. செய்தியை மட்டும் உற்றுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. படித்தவர்களாலும் முடிவதில்லை. வைன்பர்க், மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர் என மூன்று குழுக்களுக்கு இணையதளங்களைக் காட்டினார்கள். பேராசிரியர்கள் பலர் பக்கத்தின் அமைப்பு, நடை, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் கவனமாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் ஒரு நிமிஷம்கூட அந்தப் பக்கத்தில் தங்காமல் வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள்.

இதை நம் இரண்டு செய்திக்கும் போட்டுப் பாருங்கள். சுரபுன்னைச் செய்தியிலிருந்து வெளியே வந்தால், பெயர் கிடைக்கிறது, 18 குப்பம் கிடைக்கிறது, மறுத்தவர் யார், எந்த இடத்தில் மறுத்தார் என்பது கிடைக்கிறது. பெருவிரல் செய்தியிலிருந்து வெளியே வந்தால் அதே செய்தியின் இன்னொரு நகல்தான் கிடைக்கிறது. மறுத்துக் கேட்டால் ‘உனக்கு சாமி நம்பிக்கை இல்லையா’ என்று பதில் வரும். கேள்வி காந்தத்தைப் பற்றி, பதில் நம் குணத்தைப் பற்றி. ஒரு தகவலைச் சந்தேகித்தால் தகவலுக்குப் பதிலாக நம்மை விசாரிக்க ஆரம்பித்தார்கள் என்றால், அங்கே காட்ட வேறொன்றும் கையில் இல்லை என்று அர்த்தம்.

நிபுணர்கள் ஒருவரை ஒருவர் மறுத்தால் ‘இவங்களுக்கே ஒண்ணும் தெரியலை’ என்று சலித்துக்கொள்வது நம் வழக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய ஆய்வை வேறு நாட்டு ஆட்கள் மறுத்தார்கள் என்றால் அவமானம் என்றுகூட நினைப்போம். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அந்தப் பரங்கிப்பேட்டைக்காரர்கள் தங்கள் 18 குப்பத்தின் எண்களைக் கட்டுரையிலேயே திறந்து வைத்ததால்தான், வேறொருவர் எடுத்துக் கணக்குப் போட முடிந்தது. தன்னை மறுப்பதற்கு வேண்டிய பொருளைத் தானே கொடுத்துவிட்டுப் போகிறவரைத்தான் நான் நிபுணர் என்பேன். காட்டைப் பற்றி அவர்கள் சொன்னது கடைசியில் முழுக்கச் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நடராஜர் கோவிலுக்கு இந்தப் பெருவிரல் காந்தம் தேவையே இல்லை. ஆகாயத் தலம் என்று பேர். திரையை விலக்கினால் பொன் வில்வமாலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதையே ரகசியமாக வைத்திருக்கும் இடம். அங்கே போய் நின்று, பெயர் தெரியாத மேல்நாட்டு விஞ்ஞானியிடம் கையெழுத்து வாங்கி வந்து காட்டுவதுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படுகிறது.

அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தால், அனுப்பிய சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். ‘ஆமா சித்தப்பா, தீர்க்கரேகை சரியாத்தான் இருக்கு, நான் மேப்ல பார்த்தேன். அண்ணாமலைநகர்ல காந்தம் அளந்தாங்களாமே, அங்க ஊசி எப்படி நின்னுச்சுன்னு தெரியுமா?’ என்று கேளுங்கள். அவருக்கும் சிதம்பரம் பிடிக்கும். ஆர்வமாகக் கேட்பார்.